ஈக்கள் பெட்டியை விட்டுப் போன காரணம்

இன்னும் பிறக்காத என் மகனுக்கு, உன்னைப் பெறப்போகிறவள் எழுதுவது. நீ இதைப் படிக்கிற காலத்தில் உனக்கு மீசை முளைத்திருக்கும். உன் சொல்லை வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். எழுதுகிற எனக்குப் பதினாலு வயது, நாலாம் பாரத்தில் படிக்கிறேன். பூகோள நோட்டின் பின்பக்கத் தாள்களில் எழுதுகிறேன். சிம்னி விளக்கைத் தகரப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். சண்டைக்காலம், சீமெண்ணெய் கிடைப்பதில்லை. விளக்கு எரிவது தெரிந்தால் அம்மா எழுந்து வந்துவிடுவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றாலும், அப்பாவை எழுப்பிப் படிக்கச் சொல்லுவாள். அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாகப் போகிறது. என் கையெழுத்து இவ்வளவு மோசம் என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெரியவளாகி எட்டு மாதம் ஆகிறது. போன பங்குனியில் ஆனேன். இந்த வீட்டில் அது ஒருவருக்குத்தான் தெரியும், என் அண்ணன் மனைவிக்கு. அவளை மதினி என்று கூப்பிடுவேன். மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தால் பங்குனியிலேயே என் தாய்மாமன் கப்பலூரிலிருந்து பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்திருப்பார். கொல்லையில் குச்சு கட்டி என்னைப் பதினாறு நாள் உட்கார வைத்திருப்பார்கள். பதினேழாம் நாளிலிருந்து பள்ளிக்கூட மாட்டுவண்டி விளாங்குடியில் எங்கள் வாசலில் நிற்காமல் போயிருக்கும். அந்த மாமாவின் மகனுக்குத்தான் நான் என்று, நான் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்தாயிற்று. நான் பெரியவளாவதற்காக மட்டும் காத்திருக்கிறார்கள். ஆகவே உன் அப்பா யார், நீ எந்த வீட்டில் பிறப்பாய் என்பதெல்லாம் எனக்கு இப்போதே தெரியும். நான் வெளியே விடாமல் வைத்திருக்கும் ஒரு சொல்தான் உன்னை இதுவரை வரவிடாமல் வைத்திருக்கிறது. நாளைக் காலை, அம்மாவும் அப்பாவும் அண்ணனுக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணைப் பார்க்கப் புறப்படுவதற்குள், அதை அம்மாவிடம் சொல்லப்போகிறேன்.

மகளுக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நோட்டைத் திறந்தேன். பிறகு யோசித்தேன். மகளுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் பதினாலு வயதில் தானாகவே தெரிந்துவிடும். அவளிடம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. உன்னிடம் கேட்பார்கள். உன் தங்கையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தலாமா, உன் பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று உன்னிடம் வந்து கேட்பார்கள். கேட்கிற அன்றைக்கு நீ என் அண்ணனைப் போல வெற்றிலையை மென்றுகொண்டு "அம்மா சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிடக்கூடாது. அதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது தேனீயால் நடந்தது என்று சொல்கிறார்கள். அதனால் தேனீயைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்பா ஆபீசிலிருந்து ஒரு தேனீப் பெட்டியோடு வந்தார். வீட்டுக் கொல்லையில் தேனீ வளர்ப்பது நல்ல கைத்தொழில் என்று அவருடைய மேலதிகாரி சொன்னாராம். அதிகாரி சொல்லிவிட்டால் அப்பா யானையைக்கூட வாங்கிக்கொண்டு வருவார். பெட்டியோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. முதல் நாளே அப்பாவின் மூக்கில் ஒரு ஈ கொட்டிவிட்டது. மூக்கு குடைமிளகாய் மாதிரி வீங்கி, இரண்டு நாள் ஆபீசுக்கு லீவு போட்டார். மூன்றாம் நாள் புத்தகத்தை என் மடியில் வைத்து, "நீதானத்தா இங்கிலீசு படிக்கிற, இனி இது ஒன் பாடு" என்றார். அண்ணன் சிரித்தான். "படிச்ச புள்ளையக் கொட்டாது பாருங்க, பாஸ் பண்ணிருச்சான்னு கேட்டுட்டுத்தான் கொட்டும்." இப்படித்தான் பெட்டி என்னிடம் வந்தது. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் வைத்திருந்ததும் அதுதான். பன்னிரண்டு வயதிலேயே நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னபோதெல்லாம் அப்பா, "அப்ப அந்தப் புத்தகத்த யாரு படிக்கிறது, நீயா?" என்று கேட்டு வாயை அடைப்பார். தேன் வர ஆரம்பித்ததும் அப்பாவுக்கு ஆபீசில் மரியாதை கூடிவிட்டது. பாட்டில் பாட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் படிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததாக நீ எண்ணிக்கொள்ளாதே. தேன் வர வேண்டும் என்று நினைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீ பெட்டி வைத்தால் வாசலைக் கிழக்கே பார்த்து வை. முதல் வெயில் பட்டதும் ஈக்கள் வேலைக்குக் கிளம்பும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கம் ஒரு சுவரோ வேலியோ இருக்கட்டும். பெட்டி நிற்கிற ஸ்டூலின் நாலு காலுக்கும் கீழே தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். சிரட்டை காய்ந்தால் அன்றைக்கே எறும்பு ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் காலையில் ஊற்றினால் மதியத்துக்குள் காய்ந்துவிடும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மறுபடி ஊற்றுவேன். அந்த வெயிலில் பெட்டி மேல் தென்னங்கீற்று போட்டு, பக்கத்தில் ஒரு மண் தட்டில் தண்ணீரும் அதில் நாலு கூழாங்கல்லும் வைப்பேன். ஈக்கள் கல் மேல் உட்கார்ந்து குடிக்கும். கல் இல்லாவிட்டால் விழுந்து சாகும். தையிலும் மாசியிலும் முருங்கை பூத்துக் குலுங்கும்போது பெட்டிக்குள் கூட்டம் பெருகிவிடும். அப்போது வாரம் ஒருமுறை திறந்து பார். தேனடையின் அடி ஓரத்தில் நிலக்கடலை போலத் தொங்குகிற அறை தெரிந்தால், புது ராணி பிறக்கப்போகிறது, பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு வேறு இடம் பார்க்கப்போகிறது என்று அர்த்தம். கூட்டத்தை இரண்டாகப் பிரித்து இன்னொரு பெட்டியில் விட வேண்டும். முதல் வருஷம் எனக்கு அது தெரியாமல் பாதியைப் பறக்கவிட்டேன். போன மாசியில் தேங்காய் நார் புகையைக் காட்டிக்கொண்டு தனியாகப் பிரிக்கப் பார்த்தேன், கை போதவில்லை. அப்போதுதான் மதினி உதவிக்கு வந்தாள். பிரித்த பாதி அப்பாவின் ஆபீசுக்குப் போனது.

மதினிக்குத் திருவாதவூர். அங்கே வயல் வரப்பில், புளியமரப் பொந்தில் கை விட்டுத் தேன் எடுத்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருஷம். குழந்தை இல்லை. அவள் அடுப்படியில் என்ன செய்தாலும் அம்மாவின் பேச்சு அந்த இடத்தில்தான் வந்து முடியும். குழம்பில் உப்பு கூடினாலும் அதுதான், மாடு உதைத்தாலும் அதுதான். மதினி பதில் பேசமாட்டாள். கொல்லைக்கு வந்து என்னிடம் பேசுவாள். "ஒங்காத்தாளுக்கு இந்த ஈய அனுப்பி நாக்குல ஒரு கொட்டு போடச் சொல்லு தாயி. ஒரு நாளைக்காச்சும் வீங்கிக் கெடக்கட்டும்." நான் சிரித்தால், "சிரிக்காத, ராணி கீழ விழுந்துறப் போவுது" என்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொன்னால், பாதி நேரம், "இத எழுதுறதுக்கு ஒரு புத்தகமா? எங்கூர்ல ஆடு மேய்க்கிற பயலுக்குத் தெரியும்" என்பாள். மீதி நேரம் கவனமாகக் கேட்டுக்கொள்வாள்.

பங்குனியில் எனக்கு நேர்ந்தது பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான். அடி வயிற்று வலி என்று உட்கார்ந்தேன். மதினி என்னைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள், சத்தம் போடாமல் வேலிப் பக்கம் இழுத்துப் போனாள். "குலவை போடட்டுமா?" என்று கேட்டாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். வருஷப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. எங்கள் வண்டியில் போன ஆண்டு எட்டுப் பெண்கள். இப்போது ஐந்து பேர். போன மூவரும் எப்படிப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். பரீட்சை முடிகிறவரைக்கும் சொல்லாதீர்கள் மதினி என்று காலைப் பிடித்தேன். அவள் வேலியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "சரி, துணிய இந்தப் பெட்டிக்குப் பொறத்தால காயப்போடு. இங்கிட்டு ஒருத்தரும் வரமாட்டாக. யாரும் கேட்டா என்னுதுன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். பரீட்சை முடிந்தது. பாஸானேன். பிறகு இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று எட்டு மாதம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் தூரமான பெண்கள் மூன்று நாள் பின்தாழ்வாரத்தில் தனியாக உட்கார வேண்டும், நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுப்படிக்கு வரலாம். மதினி மாதம் தவறாமல் உட்கார்ந்தாள். நான் ஒருமுறையும் உட்காரவில்லை. பெட்டியைச் சுற்றி ஈ பறந்துகொண்டிருந்தவரை அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. தேனுக்காக மட்டும் நான் அவற்றைப் பார்த்துக்கொள்ளவில்லை என்பது உனக்கு இப்போது புரியும்.

உன் அப்பாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவர் மேல் எனக்குக் கோபம் என்று நீ நினைக்கக்கூடாது. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவர் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று கொல்லைக்கு வந்தார். வேம்பும் புங்கும் பூத்து, ஈக்கள் வேலை மும்முரத்தில் இருந்த நேரம். தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவி, மேலே வாசனை வேறு போட்டிருந்தார். புத்தகத்தில் கூடாது என்று போட்டிருக்கிற அத்தனையும் அவர் மேல் இருந்தது. இரண்டு ஈ தலையைச் சுற்றியதும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, கிணற்றடிச் சகதியில் சறுக்கி விழுந்தார். அண்ணன், "மாப்ள, நீச்சல் பழகவா வந்தீக?" என்று கேட்டான். அவர் சேற்றோடு எழுந்து சிரித்தார். போகும்போது என் அம்மாவிடம், "பள்ளிக்கூடம் போற புள்ள, எனக்கும் பரிச்ச வைக்குமோ அத்தை?" என்று கேட்டுவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு எங்கள் வீட்டில் இடமே கிடையாது.

இனி என் தவறுகளுக்கு வருகிறேன். தேன் பெட்டியில் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை. மேலறைத் தேன் நமக்கு. கீழறையில் ராணி முட்டையிடும், அங்கே அடைகளின் மேல்விளிம்பில் இருக்கிற தேன் அவற்றின் சாப்பாடு. சித்திரை, வைகாசியில் எடுக்கலாம், ஆனியில் புளி பூத்தால் இன்னொரு முறை எடுக்கலாம். ஆடி பிறந்தபின் கை வைக்கக்கூடாது. காற்றிலும் மழையிலும் அவை வெளியே போக முடியாது, உள்ளே இருப்பதைத்தான் தின்ன வேண்டும். புரட்டாசி நவராத்திரியின்போது அப்பாவின் அதிகாரிக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பப் பத்து பாட்டில் தேன் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். மேலறையில் நாலு பாட்டில்கூடத் தேறவில்லை. கிணற்றடியில் தள்ளி நின்றுகொண்டு, "அடியிலயும் இருக்குல்ல? அதையும் எடு தாயி" என்றார். "அது அதுகளுக்குப்பா" என்றேன். "அதுகளுக்கு ஊரெல்லாம் பூவு கெடக்கு. எனக்கு ஒரு அதிகாரிதான" என்றார். எனக்குத் தெரியும், எடுக்கக்கூடாது என்று. புத்தகத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். மறுத்தால் இத்தனை படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். கத்தியை எடுத்து அறுத்துக் கொடுத்தேன். மதினி வேட்டித் துணியில் வடிகட்டினாள். முதல் பாட்டில் திருப்பரங்குன்றத்து முருகன் அபிஷேகத்துக்குப் போனது, மற்றதெல்லாம் ஆபீசுக்குப் போனது.

தேனை எடுத்துவிட்டால் சீனிப்பாகு காய்ச்சி ஊற்ற வேண்டும். ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர், ஆறவைத்துச் சாயங்காலத்தில் உள்ளே வைக்க வேண்டும், வெளியே சிந்தக்கூடாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் அம்மாவிடம் சீனி கேட்டேன். சீனிக்குக் கார்டு போட்டிருக்கிற காலம். "மனுசரு காப்பிக்குக் கருப்பட்டி போட்டுக் குடிக்கிறோம், ஈக்குச் சீனி கேக்குதோ? இம்புட்டுத் தேன் வச்சிருக்கிற கழுதைக்கு இனிப்பு நம்ம ஊத்தணுமா?" என்றாள். வைத்திருந்ததை நாங்கள்தான் எடுத்துவிட்டோம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பானையிலிருந்து ஒரு கருப்பட்டியைத் திருடிக் கரைத்து வைத்தேன். வெள்ளைச் சீனி மட்டும் என்று புத்தகத்தில் இருந்தது. இனிப்பு இனிப்புதானே என்று நினைத்தேன். நீ எந்தக் காலத்திலும் அதைச் செய்யாதே. மூன்றாம் நாள் பெட்டியின் முகப்பெல்லாம் பழுப்புப் பழுப்பாக எச்சம். ஈக்களுக்கு வயிறு கெட்டுப்போயிருந்தது. காலில் பூவின் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டு வருவது நின்றுபோனது. பொடி வருவது நின்றால் ராணி முட்டையிடவில்லை, எல்லாம் சேர்ந்து புறப்பட முடிவு செய்துவிட்டன என்று தெரிந்துகொள். மழை விட்ட ஒரு பகலில், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், மொத்தக் கூட்டமும் கிளம்பிப் போய்விட்டது. வந்து மூடியைத் திறந்தேன். அடையில் ஒரு சொட்டுத் தேன் இல்லை, ஒரு புழு இல்லை. பசி என்று பெட்டி முழுக்க எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஈ இல்லை என்றதும் அம்மா முதன்முறையாகப் பெட்டியைச் சுற்றி வந்தாள். பின்னால் வேலியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பாதி ஈரம். அதைக் குச்சியால் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டாள்.

"இது யாருது?"

நான் பெட்டி மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். மதினி கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள். துணியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"என்னுதுதான் அத்தை."

"நீ தலைக்கு ஊத்தி அஞ்சு நாள் ஆச்சேடி?"

 மதினியுடைய நாளும் என்னுடைய நாளும் வேறு வேறு என்பதை நாங்கள் இருவரும் அந்த ஏழு மாதத்தில் யோசிக்கவே இல்லை. அம்மா மட்டும் கணக்காக வைத்திருந்தாள்.

"அப்ப மறுபடி ஆனத மறச்சுக்கிட்டு அடுப்படியில நின்னிருக்க. இதே மாதிரி எத்தன தடவ நின்னியோ? குன்றத்துக்குப் போன தேன நீதான வடிகட்டுன? சாமிக்குத் தீட்டு, ஈக்குத் தீட்டு. வாயில்லாச் சீவனே ஒன்னத் தாங்காமப் பறந்துபோச்சு. ஒன் வயித்துல புள்ள எப்படிடி தங்கும்?"

அப்பா வந்தார், கேட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கீழறையை அறுக்கச் சொன்னது அவருக்கு நினைவில்லாமலா இருந்திருக்கும்? என்னை ஒருமுறை பார்த்தார். நான் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு பேருடைய மௌனமும் ஒரே அளவுதான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. அண்ணன் இரவில் வேலை முடிந்து வந்து வெற்றிலையை மென்றபடி, "அம்மா சொன்னாச் சரிதான்" என்றான்.

மறுநாள் வண்டி கட்டினார்கள். மதினி ஒரு துணிமூட்டையோடு வாசலில் நின்று, "வாரேன் அத்தை" என்றாள். "ஒண்ணும் வர வேணாம்" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். நான் மூட்டையைத் தூக்கிவிடுகிற சாக்கில் வண்டிக்குப் பின்னால் போனேன். "நான் சொல்லிர்றேன் மதினி" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கிறுக்கச்சி. ஒரு மாசம் ஏசுவாக, அப்புறம் சோறாக்க ஆளில்லன்னு ஒங்கண்ணனே வந்து கூப்புடுவாரு. நீ ஒழுங்காப் படி. இல்லன்னா நான் வாங்குன ஏச்சு அம்புட்டும் வீணாப் போயிரும்." அப்படித்தான் அவள் நினைத்தாள். நானும் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. வண்டி திரும்பியதும் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். அன்றைக்குக் கணக்குப் பரீட்சை, நல்ல மார்க்கு.

ஒரு மாதமாகியும் யாரும் கூப்பிடப் போகவில்லை. போன வாரம் மதினியின் அப்பா திருவாதவூரிலிருந்து நடந்தே வந்தார். வாசலிலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. "சம்பந்தி, புள்ள சாப்பிட மாட்டேங்குது. தப்புப் பண்ணிருந்தா நான் கால்ல விழுகுறேன். கூட்டிக்கிருங்க" என்றார். அப்பா, "வீட்டுப் பொம்பளைக விசயம், நான் என்னத்தச் சொல்ல" என்றார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாப் படிக்கிறியா தாயி? அது ஒன்னத்தான் எந்நேரமும் கேக்குது" என்றார். தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலமே அம்மா பேச்சை எடுத்தாள். மார்கழி பிறந்துவிட்டால் நல்லது பேச முடியாதாம், கார்த்திகைக்குள் ஒரு இடம் பார்த்து வைத்துத் தையில் முடித்துவிட வேண்டுமாம். நாளைக்குப் போகிறார்கள். பெண்ணுக்கு என்னைவிட இரண்டு வயது கூடவாம். தேனீயைக் கண்டால் பயப்படுவாளா என்று யாரும் கேட்கவில்லை.

மகனே, ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள். தேனீ தீட்டுக்காகப் போவதில்லை. ஏழு மாதம், தூரமான நாளிலும் நான் அவற்றைத் தொட்டேன். என் கை மேல் நடந்தன, என் நகத்தில் ஒட்டியிருந்த தேனை நக்கின. ஒன்றுகூட விலகிப் போகவில்லை. பசிக்கும், எறும்புக்கும், கெட்ட பாகுக்கும்தான் போகும். உன் வீட்டில் ஒரு பெட்டி காலியானால், யாரால் என்று கேட்பதற்கு முன்பு மூடியைத் திறந்து அடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். தேன் இருந்ததா, இருந்ததை எடுத்தது யார் என்று பார். பார்த்துவிட்டு, அதைச் சபையில் சொல். நான் பார்த்தேன், சொல்லவில்லை. உன் தாத்தாவும் சொல்லவில்லை. காலிப் பெட்டியைக்கூட நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அடைகளை எடுத்து உருக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்துப்பூச்சி பிடித்துவிடும். ஒரு மாதமாக அதன் பக்கமே போகவில்லை. நேற்றுத் திறந்தால் அடையெல்லாம் நூலாம்படை, வெள்ளைப் புழு நெளிகிறது.

நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதும் அம்மா முதலில் என்னை அறைவாள். பிறகு குலவை போடுவாள். துணி என்னுடையது என்றால் தீட்டும் என்னுடையது. ஆனால் என்னைத் தள்ளிவைக்கமாட்டார்கள், எனக்கு மஞ்சள் நீராட்டுவார்கள். ஒரே குற்றத்துக்கு மதினிக்கு வாழாவெட்டிப் பட்டம், எனக்குக் கல்யாணம். குன்றத்துக்கு ஒரு பரிகாரம் செய்துவிட்டால் போதும் என்று அப்பாவே சொல்லிவிடுவார். என் மாமா வீட்டுக்கு ஆள் போகும். அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போகிற வண்டி திருவாதவூருக்குப் போகும். போக வேண்டும். போகாவிட்டால், கீழறையை அறுக்கச் சொன்னது யார் என்பதையும் வாசலில் நின்று ஊர் கேட்கச் சொல்லிவிடுவேன் என்று இப்போது எழுதுகிறேன். காலையில் எனக்கு அந்தத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை.  மதினி திரும்பி வந்தால் என் மேல் கோபப்படுவாள். அவள் வாங்கிய ஏச்செல்லாம் வீணாகிவிட்டது என்பாள். அது உண்மைதான்.

உன்னிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நீ வருவதை நினைத்து எனக்கு இப்போது சந்தோஷம் இல்லை. பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கும் மறந்துபோகலாம், உன்னைத் தூக்கிக்கொண்டு நானும் மற்றவர்களைப் போலவே சிரிக்கலாம். அதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் இந்த ராத்திரி உட்கார்ந்தேன். நீ உன் அப்பா வீட்டுக்கு முதல் பேரன், எல்லாரும் உன்னை வரம் என்பார்கள். அப்படியே இரு. என்னைப் பொறுத்தவரை நீ நாலாம் பாரத்தின் நடுவில் நின்றுபோன ஒரு பாடம். அது உன் குற்றமில்லை. தெரிந்திருந்தால் போதும்.

பூகோள நோட்டில் இன்னும் ஒரு தாள்தான் இருக்கிறது, எண்ணெயும் தீர்ந்துகொண்டு வருகிறது. வெளியே வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார். அம்மா கதவைத் திறக்கிறாள். இதைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு அவளிடம் போகிறேன். முதலில் என் மதினி. அதற்குப் பிறகுதான் நீ.